இகுவானாவுக்கு என்ன இலை கொடுப்பது: கீரைக்கட்டுக்கு முன்னால் மரத்தைப் பாருங்கள்

பல்லி இனத்தைச் சேர்ந்த பச்சை இகுவானாவை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலையில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கட்டு அரைக்கீரையோ பாலக்கோ வரும். இகுவானாவும் ஆசையாகத் தின்னும். கட்டுக் கட்டாகப் பல மாதம் போன பிறகு தாடை வீங்கும், விரல்கள் துடிக்கும், கிளையில் ஏற முடியாமல் தரையிலேயே கிடக்கும். "தினமும் கீரைதானே கொடுத்தோம்?" என்று வளர்ப்பவர்கள் தவித்துப்போவார்கள். கீரை கொடுத்ததில் தவறில்லை. எந்தக் கீரை என்பதில்தான் கோளாறு.

மெக்சிகோவிலிருந்து பிரேசில், பராகுவே வரை ஆற்றோரக் காடுகளில் மரத்தின் மேலேயே வாழும் உயிர் இது. அங்கே அது தின்பது முக்கியமாக மரத்து இலை, கொடி இலை, பூ, கொஞ்சம் பழம். அதன் பெருங்குடலின் தொடக்கத்தில் தடுப்புகள் வைத்த அறைகள்போல ஓர் அமைப்பு உண்டு. இலையின் நாரை அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் மெல்ல நொதிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. ஆடு மாடு முன்வயிற்றில் செய்வதை இது பின்குடலில் செய்கிறது. அதனால் நார் உள்ள, சற்றே தடித்த, கரும்பச்சை இலைதான் இதற்குச் சோறு. நம் ஊரில் அந்த வகை இலை கீரைக்கடைக் கூடையில் இருப்பதைவிட வேலியோரத்திலும் கொல்லைப்புறத்திலும்தான் அதிகம்.

எண்களை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது

இலையைத் தேர்ந்தெடுக்க முதல் அளவுகோல், அதில் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், இருக்க வேண்டும் என்பது. ஒன்றுக்கு ஒன்று என்பது கடைசி எல்லை. அதற்குக் கீழே போனால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கிவிடும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணைப்படி, 100 கிராம் முருங்கைக்கீரையில் கால்சியம் 440 மில்லிகிராம், பாஸ்பரஸ் 70. அகத்தியில் 1130-க்கு 80. வெந்தயக்கீரையில் 395-க்கு 51. கொத்தமல்லியில் 184-க்கு 71. அட்டவணைக்கு அட்டவணை எண் மாறும், ஆனால் இவை எல்லாமே இரண்டு மடங்கைத் தாண்டியவை. அதே அட்டவணையில் முளைக்கீரைக்கும் 397-க்கு 83 என்று இருக்கிறது. பார்த்தால் வெந்தயக்கீரையின் தம்பிபோலத் தெரியும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முளைக்கீரையில் ஆக்சலேட் என்ற அமிலப்பொருள் நூறு கிராமுக்குப் பல நூறு மில்லிகிராம் இருக்கிறது. வெந்தயக்கீரையில் அது சொற்பம். ஆக்சலேட் குடலிலேயே கால்சியத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கி மலத்தோடு அனுப்பிவிடும். இலையில் கால்சியம் இருக்கும், இகுவானாவுக்குப் போய்ச் சேராது. கூடத் தூவிய கால்சியம் பொடியிலும் ஒரு பங்கை அது இழுத்துக்கொண்டு போகும்.

நாம் கீரை என்று கட்டுக்கட்டாக வாங்குவதில் பெரும்பகுதி ஒரே குடும்பம்: அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, பாலக், பீட்ரூட் இலை. எல்லாமே ஆக்சலேட் கூடியவை. வேறு குடும்பங்களைச் சேர்ந்த பசலை, பருப்புக்கீரை, புளிச்சகீரை, புளியாரை ஆகியவற்றிலும் அதே சிக்கல். நாக்கில் புளிப்புத் தட்டும் இலையை ஒதுக்கிவிடலாம். புளிக்காத இலை எல்லாம் நல்லது என்று மட்டும் திருப்பிப் படித்துவிடாதீர்கள். இவற்றில் ஒரு பிடி மாதத்துக்கு ஒருமுறை தட்டில் விழுந்தால் ஒன்றும் ஆகாது. அன்றாட உணவாகக் கூடாது. வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் ஆக்சலேட் குறையும் என்பது உண்மைதான், ஆனால் வைட்டமின்களும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். நல்ல இலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அந்தச் சிரமம் தேவையில்லை.

தட்டின் பெரும்பங்கு எதுவாக இருக்க வேண்டும்

செம்பருத்தி இலைக்கு முதலிடம். வளர்ந்த இலையாகப் பாருங்கள். கிளை நுனியிலிருந்து நான்காவது ஐந்தாவது இலை சரியாக இருக்கும். விரலால் கசக்கினால் வழவழவென்று கொழகொழப்பு வரும், கசப்போ காரநெடியோ இருக்காது. பூவையும் காம்பு நீக்கி முழுதாகக் கொடுக்கலாம். இதழுக்குள் எறும்பு மறைந்திருக்கும், கவிழ்த்துத் தட்டிவிட்டுக் கொடுங்கள். சாப்பிட மறுக்கும் இகுவானாவை மறுபடி தட்டுக்கு வரவைக்கச் சிவப்புச் செம்பருத்திப் பூவைப் போல வேறொன்று இல்லை.

முருங்கை இலை அடுத்தது. கால்சியமும் புரதமும் இரண்டும் உள்ள இலை. ஈர்க்கை உருவிவிட்டு இலையை மட்டும் போடுங்கள். நடுத்தண்டு நார் குட்டிகளின் தொண்டையில் சிக்கும். ஆனால் தட்டில் பாதிக்கு மேல் முருங்கையாக விடாதீர்கள். கோசுக் குடும்பத்தில் உள்ள காரப்பொருள்களின் வகை கொஞ்சம் இதிலும் உண்டு. தவிர, ஒரே இலையில் பழகிய இகுவானாவை மாற்றுவது பெரும்பாடு.

மல்பெரி என்கிற முசுக்கொட்டை இலை கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கிருஷ்ணகிரி, தருமபுரி, உடுமலை, தேனிப் பக்கம் பட்டுப்புழுவுக்காக வயல்வயலாகப் போடுகிறார்கள். அந்தத் தோட்டத்து இலைக்கு ஒரு தனி அனுகூலம் உண்டு: மருந்து எச்சம் கொஞ்சம் இருந்தாலும் புழு செத்துவிடும் என்பதால், தெளித்த பிறகு குறிப்பிட்ட நாள் கழித்துத்தான் இலை பறிப்பார்கள். "புழுவுக்குப் போடுகிற இலையா, கடைசியாக எப்போது மருந்தடித்தீர்கள்?" என்று கேட்டு வாங்குங்கள்.

திராட்சை இலையும் நல்லதே, ஆனால் வணிகத் தோட்டத்தில் பூஞ்சைக்கொல்லி அடிக்காத கொடியைக் காண்பது அரிது. வீட்டுப் பந்தலில் இருந்தால் மட்டும் பறியுங்கள். கால்நடைத் தீவனமான குதிரைமசால் வாரம் இரண்டு மூன்று நாள் சேர்க்கலாம். வெந்தயக்கீரையும் அப்படியே, வேர் நீக்கி, தண்டோடு நறுக்கலாம். அகத்திக்கு அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கி அள்ளிப்போட வேண்டாம். வீரியமான இலை, வாரம் ஒருமுறை, மற்ற இலைகளோடு ஒரு சிறு பிடி போதும்.

வாசனை இலைகள் சோறு அல்ல, தாளிப்பு. கொத்தமல்லி மட்டும் விதிவிலக்கு, தட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாராளமாகப் போடலாம். புதினா, துளசி, திருநீற்றுப்பச்சிலை, கறிவேப்பிலை ஆகியவற்றில் எண்ணெய்ச்சத்து காரமானது. ஒரு நாளைக்கு ஏதாவது ஒன்றில் நாலைந்து இலை பொடியாக நறுக்கிக் கலந்தால், பழகாத இலையையும் இகுவானா முகர்ந்து பார்த்துத் தின்னும். பார்ஸ்லியில் ஆக்சலேட் உண்டு, எப்போதாவது போதும். வெங்காயத்தாள், பூண்டுத்தாள் இரண்டும் கூடவே கூடாது. அவை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலை, முள்ளங்கி இலை, கடுகுக்கீரை, நூல்கோல் இலை, ஊட்டியிலிருந்து வரும் கேல் எல்லாம் தைராய்டுக்குத் தேவையான அயோடினைத் தடுக்கும் பொருள் கொண்டவை. நஞ்சு அல்ல. வாரம் ஓரிரு நாள், தட்டில் கால் பங்குக்குள் என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. பர்கர் கடை லெட்டூஸ் முழுக்கத் தண்ணீர். வயிறு நிறையும், சத்து சேராது, மலம் நீர்க்கும்.

பெயர் காட்டும் பொறிகள்

தமிழில் செடிப் பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை. இகுவானா வளர்ப்பவருக்கு இதில் உண்மையான ஆபத்து இருக்கிறது.

கல்யாண முருங்கை முருங்கையே அல்ல. முள் உள்ள, மூன்று மூன்றாகப் பெரிய இலை விடுகிற வேறு மரம். நரம்பைத் தாக்கும் ஆல்கலாய்டுகள் கொண்டது. சீமை அகத்தியும் அகத்தி அல்ல. மஞ்சள் மெழுகுவத்திபோல நட்டு நிற்கும் பூங்கொத்தை வைத்து அடையாளம் காணலாம். படர்தாமரைக்குப் பூசும் இலை அது, உள்ளே போனால் கடுமையாகப் பேதியாகும். தவசிக்கீரையைச் சிலர் மல்டி வைட்டமின் கீரை என்று தொட்டியில் வளர்க்கிறார்கள். பெயரைக் கேட்டதும் கொடுக்கத் தோன்றும். 1990-களில் தைவானில் உடல் இளைக்க வேண்டும் என்று அதைப் பச்சையாகச் சாறெடுத்துக் குடித்த பலருக்கு நுரையீரல் மீளாமல் கெட்டுப்போனது. பச்சையாக மட்டுமே தின்னும் உயிருக்கு அது வேண்டாம். சவுண்டல் என்னும் சூபாபுல் ஆடு மாட்டுத் தீவனமாகப் பெயர் பெற்றது, ஆனால் அதிலுள்ள மைமோசின் பழகாத உயிர்களின் தைராய்டைக் கெடுக்கும். மணத்தக்காளி இலையை நாம் கூட்டாக வேகவைத்துத்தான் உண்கிறோம், பச்சையாகக் கொடுக்காதீர்கள். தக்காளி, கத்திரி, உருளை இலைகளுக்கும் அதே தடை.

வெளியே உலவவிடும் இகுவானாவுக்கு எட்டக்கூடாதவை: அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, நெய்வேலிக் காட்டாமணக்கு, உண்ணிச்செடி, நித்தியகல்யாணி, குன்றிமணி, குரோட்டன்ஸ். வீட்டுக்குள் மணி பிளாண்ட், டைஃபன்பாக்கியா, சேம்பு. இந்த மூன்றின் இலையிலும் ஊசிபோன்ற நுண்படிகங்கள் இருக்கின்றன. ஒரு கடி கடித்தாலே வாயும் நாக்கும் வீங்கி எச்சில் ஒழுகும். அவகாடோ இலையும் பழமும் இரண்டுமே தள்ளுபடி.

ஓர் இலையின் பெயர் உறுதியாகத் தெரியவில்லை என்றால் அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள்.

மருந்தும் புழுவும்

சந்தை இலையைக் கழுவினால் மேலே ஒட்டிய மண்ணும் தெளித்த மருந்தில் ஒரு பகுதியும் போகும். செடியின் சாற்றோடு கலந்துவிடும் மருந்து எத்தனை முறை கழுவினாலும் போகாது. நர்சரிச் செம்பருத்தியில் இது அடிக்கடி நடக்கிறது. தொட்டி மண்ணில் குருணை மருந்து போட்டிருப்பார்கள். வாங்கி வந்த செடியை வேறு மண்ணுக்கு மாற்றி, மூன்று மாதமாவது சும்மா விட்டு, அதன் பிறகு புதிதாகத் துளிர்த்து முற்றிய இலையை மட்டும் பறியுங்கள்.

செம்பருத்தியில் இலைக்கு அடியிலும் கணுவிலும் வெள்ளைப் பஞ்சுபோல மாவுப்பூச்சி அப்பியிருந்தால் அந்தக் கிளையையே வெட்டி எறியுங்கள். முருங்கையில் மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி ஏறும். அப்போது புழுவைத் தட்டிவிட்டு இலையைக் கழுவிக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், பொன்னிறத்தில் மயிரிழைத் துண்டுகள் ஒட்டியிருக்கும். நம் தோலையே தடிக்கவைக்கும் முடி அது. இகுவானாவின் நாக்கிலும் கண்ணோரத்திலும் குத்தினால் நாள்கணக்கில் சாப்பிடாது. பூச்சி ஏறிய மரத்தை, அது உதிர்ந்து புதுத்தழை வரும்வரை தொடாமல் இருப்பதே நல்லது. சாலையோரப் புகை படிந்த மரமும், சாக்கடைத் தண்ணீர் பாயும் கீரைப் பாத்தியும் வேண்டவே வேண்டாம்.

கழுவும் முறை இதுதான்: அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி இலையைப் பத்து நிமிடம் மூழ்கவிடுங்கள். கையால் அலசி மேலே தூக்குங்கள். தண்ணீரை இலையோடு சேர்த்துக் கொட்டினால் அடியில் இறங்கிய மண் மறுபடி இலையில் ஏறிவிடும். தண்ணீர் தெளியும்வரை மூன்று முறை இப்படிச் செய்து, கடைசியில் குழாயில் காட்டுங்கள். சோப்பு, வினிகர் எதுவும் வேண்டாம். கொஞ்சம் ஈரம் இருக்கட்டும். இகுவானா தண்ணீர்த் தட்டைவிட இலையிலிருந்தே அதிகம் நீர் எடுத்துக்கொள்ளும்.

முருங்கையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மறுநாளே மஞ்சளாகி உதிரும். ஈரத்தை உலர்த்தி, பருத்தித் துணியில் சுருட்டி, மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் மூன்று நாள் வரும். செம்பருத்தி இலை ஐந்து நாள்கூடத் தாங்கும். உறையவைத்த இலையை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உறைந்து உருகிய பச்சிலையில் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்துபோகும். மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் உடல் துடிப்பு வரும். கால்சியம் குறைபாடு என்று அதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு.

நறுக்குவதும் அளப்பதும்

இகுவானா இலையைக் கத்தரிக்கும், மெல்லாது, அப்படியே விழுங்கிவிடும். அதனால் குட்டிக்கு எந்தத் துண்டும் அதன் இரு கண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. ஓர் அடி நீளக் குட்டிக்குப் பச்சடிக்கு நறுக்குவதைவிடப் பொடியாக, வளர்ந்ததற்கு ஒரு விரல் அகலமாக நறுக்கினால் சரி. எல்லாவற்றையும் கலந்து நறுக்கினால் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்ன முடியாது.

பத்துப் பங்காக வைத்துக்கொண்டால், எட்டுப் பங்கு கரும்பச்சை இலை. ஒன்றரைப் பங்கு துருவிய மஞ்சள் பூசணி, அவரை, பீன்ஸ், சுரைக்காய்போலக் காய். மீதி அரைப் பங்கில் பூவோ பப்பாளித் துண்டோ அத்திப்பழமோ. இலையில் எப்போதும் மூன்று வகையாவது இருக்கட்டும். இன்று செம்பருத்தி நான்கு பங்கு, முருங்கை மூன்று, கொத்தமல்லி ஒன்று என்றால், நாளை மல்பெரி நான்கு, செம்பருத்தி இரண்டு, வெந்தயக்கீரை இரண்டு. குட்டிக்குக் காலையும் மதியமும், வளர்ந்ததற்குக் காலையில் ஒருவேளை. சாயங்காலம் தட்டில் சிறிதளவு மிஞ்சினால் அளவு சரி. துடைத்து வைத்திருந்தால் நாளைக்குக் கூட்டுங்கள். தட்டு நிறைய மிஞ்சினால் இலையைக் குறைசொல்வதற்கு முன் கூண்டின் சூட்டைப் பாருங்கள்.

பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் கார்பனேட் பொடியை வளரும் குட்டிக்கு வாரம் ஐந்து நாள், வளர்ந்ததற்கு இரண்டு நாள், இலைமேல் மெல்லிய திருநீறு பூசியதுபோலத் தூவுங்கள். வெள்ளையாக அப்பினால் வாசம் பிடிக்காமல் தட்டையே ஒதுக்கிவிடும்.

புது இலையை ஒரே நாளில் மாற்றாதீர்கள். குடல் நுண்ணுயிர்களுக்குப் பழக நாள் வேண்டும். முதல் வாரம் பத்தில் ஒரு பங்கு, அடுத்த வாரம் இரண்டு, அதற்குப் பிறகு உங்கள் விருப்பம். அரைக்கீரைக்குப் பழகிப்போன இகுவானாவையும் இப்படித்தான் செம்பருத்திக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மாதம் பிடிக்கும்.

கோழி, முட்டை, வெட்டுக்கிளி, நாய் உணவு, பனீர் எதுவும் வேண்டாம், குட்டிக்கும் வேண்டாம். ஆசையாகத் தின்னும் என்பது உண்மை. ஆனால் அந்தப் புரதத்தின் கழிவு சிறுநீரகத்தையும் மூட்டையும் சில வருடங்களில் கெடுத்துவிடும்.

இலை சரியாக இருந்தும் நோய் வருவது ஏன்

சூடு இல்லாமல் இலை செரிக்காது. வெயில் காயும் கிளையில் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஏசி அறையில் கூண்டை வைத்தால் நாருள்ள நல்ல இலை குடலிலேயே தங்கி வயிறு உப்பும். காலையில் ஒரு மணி நேரமாவது சூடேறிய பிறகு தட்டை வையுங்கள்.

அதேபோல, புறஊதா பி கதிர் தோலில் படாமல் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாமல் கால்சியம் குடலைத் தாண்டாது. சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் இல்லை. கம்பிவலைக் கூண்டில், பாதிக்கு நிழல் கொடுத்து, காலை வெயிலில் அரைமணி நேரம் வைத்தால் எந்த விளக்கையும்விட நல்லது. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் வெந்துபோகும். உள்ளே விளக்கு வைப்பவர்கள், தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் அதை மாற்றுங்கள். ஒளி தெரிந்துகொண்டே இருக்கும், கதிர் தீர்ந்திருக்கும்.

தினமும் மலத்தைப் பாருங்கள். உருவான பழுப்புத் துண்டு, பக்கத்தில் மென்மையான வெள்ளைப் பசை, கொஞ்சம் தெளிந்த நீர்: நலமாக இருக்கிறது. வெள்ளைப்பகுதி சுண்ணாம்புக்கட்டிபோல இறுகி மஞ்சளாக வந்தால் நீர்ச்சத்து போதவில்லை. இலையை இன்னும் ஈரமாகக் கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிடுங்கள், மறுபடி அப்படியே வந்தால் மருத்துவரிடம் போங்கள். கீழ்த்தாடை ரப்பர்போல வளைந்தாலோ, தொடை கட்டியாகத் தடித்தாலோ, விரல் துடித்தாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

இகுவானாவின் குடலில் சால்மொனெல்லா கிருமி சாதாரணமாக வாழும். அதன் தட்டையும் கத்தியையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தைகளைத் தூக்குங்கள்.

நிலையான வழி, சொந்தமாக வளர்ப்பது. மொட்டைமாடியில் 18 அங்குலத் தொட்டி நான்கில் செம்பருத்தி, ஒன்றில் மல்பெரிக் குச்சி, தரை இருந்தால் ஒரு முருங்கைப் போத்து. கட்டைவிரல் பருமனுக்கு மேல் உள்ள போத்தை மூன்றடி வெட்டி, ஓர் அடி புதையும்படி மழைக்கு முன் நட்டால் பிடித்துக்கொள்ளும். ஒரு செடியில் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலை பறிக்காமல் சுழற்சியாகப் போங்கள். முருங்கை நெஞ்சுயரத்துக்கு வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்து, ஏணி இல்லாமலே கைக்கு எட்டும்.